சபையில் நான் கேட்காத கேள்வி

எனக்கு இருபத்தெட்டு வயது. அரசியலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஊரில் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவர் என்னைக் காட்டி, "இவங்க முன்னாள் மெம்பர். கொழந்தைக்காக எல்லாத்தையும் வுட்டுட்டு வந்தவங்க" என்றார். எதிர்வரிசைப் பெண்கள் என்னை மெச்சிப் பார்த்தார்கள். நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். அது பொய் என்று சொல்ல வாய் வந்தபோது அவர் கை கழுவப் போயிருந்தார். எனக்கு வார்த்தை எப்போதும் ஒரு டம்ளர் பாயசம் தாமதமாகத்தான் வருகிறது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் ஒரு பெண். பள்ளிக்கூட ஆசிரியை, என்னைவிட நான்கு வயது சின்னவள். அடுத்த தேர்தலில் எங்கள் தொகுதியில் அவளை நிறுத்தப் போகிறார்களாம். கட்சிக் காரியதரிசியே வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னா செய்யணும், இன்னா செய்யக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றாள். என் மகன் அவள் மடியில் ஏறி அவளுடைய பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகு, அவளுக்கு மட்டும் எதற்கு, எல்லோரும் படிக்கட்டும் என்று தோன்றியது. இது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்து யோசித்துத்தான் இந்தக் கதிக்கு வந்தேன் என்பதால் யோசனையை நிறுத்திவிட்டேன்.

நான் அரசியலுக்கு வந்த கதை சின்னது. அப்பா வாத்தியார். கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரெஞ்சு படித்து, பிரெவே பரீட்சையில் தேறினேன். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது எனக்கு இருபது வயது. ஆட்சி மாறியதே தவிர ஆபீஸ் காகிதம் மாறவில்லை. எல்லாம் பிரெஞ்சிலேயே வந்துகொண்டிருந்தன. தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். படித்துச் சொல்லிப் பதிலும் எழுதிக் கொடுப்பேன். கல்யாணமாகி, ஆலையில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. ஐம்பத்தொன்பதில் பிரதிநிதி சபைக்குத் தேர்தல் வந்தபோது கட்சிக்கு ஒரு பெண் வேட்பாளர் தேவைப்பட்டது. பிரெஞ்சு தெரிந்தவள், ஊரில் எதிரி இல்லாதவள், எதிர்த்துப் பேசாதவள். மூன்றாவது தகுதியை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பிறகு நானே கண்டுபிடித்தேன்.

ஜெயித்த மூன்றாம் நாள் எங்களையெல்லாம் கட்சி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அது பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மளிகைக் கிடங்கின் மாடியில் இருந்தது. நாங்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். காரியதரிசி மேஜைக்குப் பின்னால் இருந்தார். அந்த மேஜையின் மேல் எதுவுமே இருக்காது. ஒரு காகிதம், ஒரு மைக்கூடு, ஒன்றும் இல்லை. எல்லாம் அவருக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரியில். அதன் சாவி அவர் இடுப்பில். அந்த நாட்களில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாருக்கும் எதையும் முடியாது என்று சொல்லியும் கேட்டதில்லை. "பாக்கலாம்" என்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டே, "பாக்கலாம், தங்கச்சி" என்பார். துடைத்து முடிப்பதற்குள் நாம் எழுந்துகொள்ள வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம்.

அன்று ஒவ்வொருவர் கையிலும் தட்டச்சு செய்த ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். 'குடும்பப் பொறுப்புகள் காரணமாக எனது உறுப்பினர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன். ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.' பதவி ஏற்பதற்கு முன்பே ராஜினாமா.

"எல்லாரும் போடறதுதான். ஜெயிச்சுட்டு கட்சி தாவிடக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. தேதிய மட்டும் வுட்டுடுங்க" என்றார் காரியதரிசி.

என் பக்கத்தில் இருந்தவர் மூத்த உறுப்பினர். எந்தக் கட்சியிலும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்காதவர் என்று பெயர் எடுத்தவர். "தாலி கட்டன அன்னிக்கே அத்துவுடறதுக்கும் எழுதி வாங்கறாங்க பாத்தியா, தங்கச்சி?" என்று எல்லோருக்கும் கேட்கும்படியாகவே என் காதில் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முந்திக் கையெழுத்துப் போட்டார். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. காரியதரிசியும் சிரித்தார்.

கையெழுத்துக்கு முன் ஊரும் தேதியும் எழுத வேண்டும் என்பது மடத்துப் பள்ளியில் எனக்குப் போட்ட சூடு. என் பேனா தானாகவே 'புதுச்சேரி,' என்று எழுதிவிட்டுத் தேதிக்குப் போனது. காரியதரிசி எழுந்து வந்து, அந்த இடத்தில் தன் ஆட்காட்டி விரலை வைத்தார்.

"அது வேணாம்மா."

அந்த விரலைத் தாண்டி என்னால் எழுதியிருக்க முடியும். எழுந்து போயிருக்கவும் முடியும். விரல் சுத்தமாக, நகம் வெட்டி இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. நான் அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கீழே கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, "எல்லாரும் போட்டாங்கதானே?" என்று கேட்டார். போட்டார்கள் என்றேன். "அப்புறம் இன்னா?" என்றார். அப்புறம் ஒன்றும் இல்லை என்று நானும் நினைத்தேன்.

என் தொகுதி ஊரின் தெற்கு ஓரத்தில் சில தெருக்களும், ஆற்றைத் தாண்டி ஒரு மீன்பிடிக் குப்பமும். குப்பத்தில் யாருக்காவது பிரசவ வலி கண்டால், மணலில் கட்டை வண்டியை உருட்டி அரியாங்குப்பம் ரோட்டுக்குக் கொண்டுவந்து, பாலம் ஏறி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மழை பெய்தால் மணல் சக்கரத்தை விழுங்கும். நான் உறுப்பினராகி மூன்றாம் மாதம், ஐப்பசியில், ஒரு பட்டப்பகலில் அந்த வண்டி பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. வண்டியில் இருந்தவள் இறந்தாள். வயிற்றில் இருந்ததும் போயிற்று. அவள் செல்லியின் நாத்தனார்.

செல்லி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவள்தான் மறுநாள் என் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மெம்பரம்மா, வண்டிய நான்தான் பின்னாலேருந்து தள்ளனேன். உள்ள கத்தறது நின்னதும் வண்டி நவுந்துடுச்சு. இன்னா கொடும பாரு" என்றாள். அழவில்லை. அப்போது நானும் மூன்று மாதக் கர்ப்பம். அவள் போன பிறகு நான் உட்கார்ந்து கேள்வி எழுதினேன்.

அந்த முறையைச் சொல்கிறேன், புதிதாகப் போகிறவளுக்குப் பயன்படும். சபையில் கேள்வி கேட்க வேண்டுமானால் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. கீழே கையெழுத்து, தேதி. ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்தான். கோபம், வருத்தம், உவமை எதுவும் இருக்கக் கூடாது. இது சபை முறை. எங்கள் கட்சி முறை வேறு: முதலில் காரியதரிசியிடம் காட்ட வேண்டும். அவர் ஓரத்தில் நீலப் பென்சிலால் ஒரு கோடு போட்ட பிறகே சபை அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

ஆற்றுக்குத் தெற்கே ஒரு மருத்துவச்சி வேண்டும் என்று அந்த முறைப்படியே மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை எழுந்து நின்றபோது எனக்கு எட்டாம் மாதம். என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, ஆவன செய்யப்படும் என்றார்கள். செய்யவும் செய்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுங்கச் சாவடி ஒன்று குப்பத்து ஓரத்தில் ஆளில்லாமல் கிடந்தது. எல்லை போனபின் அங்கே ஆடுகள்தான் படுத்திருந்தன. இரண்டு அறை. அதற்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு கட்டில் போட்டு, மருத்துவச்சியையும் நியமித்தார்கள். பெயர் தெரேஸ். இருபத்து மூன்று வயது, சின்ன உருவம், பெரிய தோல் பை. வந்த நாற்பது நாளில் ஒன்பது பிரசவம் பார்த்தாள். ஒருத்திக்கும் வண்டி கட்டவில்லை. என் அரசியல் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அதைத்தான் திருடினார்கள்.

தெரேஸ் காணாமல் போனாள். கட்டடம் பூட்டிக் கிடந்தது. சுகாதார ஆபீசில் கேட்டால், பட்டியலைப் பார்த்து, "குப்பத்துலதான் இருக்காங்க" என்றார்கள். குப்பத்தில் கேட்டால், லீவில் போயிருப்பாள் என்றார்கள். இதற்குள் எனக்குப் பிள்ளை பிறந்திருந்தது. சபைக்கு அவனைத் தூக்கிக்கொண்டுதான் போவேன். பால் கொடுக்க இடம் இல்லை. பதிவறையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கொடுப்பேன். அங்கிருந்த குமாஸ்தா நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார். பிள்ளைக்குச் சளி பிடித்தால் தூசியால் என்று நினைப்பேன். சபைக்குப் போகாவிட்டால் குப்பத்தை மறந்துவிட்டேன் என்று நினைப்பேன். எந்தப் பக்கம் நின்றாலும் மறுபக்கம் குற்றம் சாட்டியது. இந்தத் தடுமாற்றத்தில் இரண்டு மாதம் போய்விட்டது.

தெரேஸைக் கண்டுபிடித்தவள் செல்லிதான். நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"மெம்பரம்மா, இங்க வா. எங்க குப்பத்து மருத்துவச்சி எங்கன்னு கேட்டியே, இப்பதான் என்கிட்ட பால்சுறா வாங்கிக்கினு போறா."

"பால்சுறாவா?"

"ஆமாம், புள்ள பெத்தவளுக்குப் போடறது. யாருக்குன்னு கேட்டேன். வாயத் தொறக்கல. வாரத்துக்கு ரெண்டு தபா வாங்கறா. நல்லதாப் பாத்துதான் வாங்கறா, சும்மா சொல்லக் கூடாது."

பூக்கடைப் பக்கம் தெரேஸைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் பையை முந்தானையால் மூடினாள்.

"மதாம், நானாப் போகல. ஐயா வூட்டு மருமகளுக்குப் பிரசவம்னு கூப்டாங்க. பத்து நாள்னாங்க. அப்புறம் கொழந்தைய குளிப்பாட்ட ஆள் இல்லன்னாங்க. இப்ப அனுப்ப மாட்டேங்கறாங்க."

"எந்த ஐயா?"

காரியதரிசியின் பெயரைச் சொன்னாள்.

"யாராவது எழுத்துல குடுத்தாங்களா?"

"எல்லாம் வாய்ல சொன்னதுதான், மதாம். பட்டியல்ல நான் குப்பத்துலதான் இருக்கேன். வேலை போயிடும்னு பயமா இருக்கு. எங்க அம்மா என்ன நம்பித்தான் இருக்காங்க."

அன்றைக்கே நான் மாடி ஏறியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய், எப்படிச் சொன்னால் அவர் மனம் கோணாது என்று யோசித்தேன். எவ்வளவு மரியாதை தெரிந்த பெண்! அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல் கூசுகிறது.

மூன்று முறை அவரிடம் போனேன். செல்லி அப்போது மாசமாக இருந்தாள். நான் முதல் முறை போனபோது அவளுக்கு நாலாம் மாதம். காரியதரிசி எனக்கு மோர் வரவழைத்துக் கொடுத்து, "புள்ள எப்படி இருக்கான்? பால் குடிக்கறானா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். "அப்படியா? பாக்கலாம்." இரண்டாம் முறை ஆறாம் மாதம். "மருமகளுக்கு உடம்பு தேறல, தங்கச்சி. நீயும் புள்ள பெத்தவதானே, உனக்குத் தெரியாததா? பாக்கலாம்." மூன்றாம் முறை செல்லிக்கு எட்டு முடிந்திருந்தது. பிள்ளை குறுக்கே கிடப்பதாகக் குப்பத்துக் கிழவிகள் சொல்லியிருந்தார்கள். அதையும் சொன்னேன். "ஆஸ்பத்திரிதான் டவுன்ல இருக்குதே" என்றார். வண்டி கட்டிக்கொண்டுதான் போன வருஷ ஐப்பசியில் ஒருத்தி செத்துப் போனாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் எழுந்துகொண்டேன்.

பிறகு கேள்வி எழுதினேன். ஒரே வரிதான், ஆனால் இரண்டு நாள் எழுதினேன். 'ஆற்றுக்குத் தெற்கே உள்ள குப்பத்துக்கென நியமிக்கப்பட்ட மருத்துவச்சி தற்போது எங்கே தங்கிப் பணிபுரிகிறார்?' யார் பெயரும் இல்லை. கோபமும் இல்லை. பட்டியலைப் பார்த்துப் பொய் சொன்னால் சபையில் சொன்ன பொய்யாகும். உண்மையைச் சொன்னால் மறுநாளே அவளை அனுப்பியாக வேண்டும். எனக்கே என் மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

என் கணவர் படித்துப் பார்த்தார். "கேள்வி நல்லாத்தான் இருக்குது. அந்தக் கடுதாசி அவர்கிட்ட இருக்குதே" என்றார்.

"எல்லாரோடதும்தானே இருக்குது?"

"எல்லாரும் இந்தக் கேள்விய கேக்கலயே."

அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் நான் செய்த காரியத்தைப் பாருங்கள். கேள்வியை நேரே சபை அலுவலகத்தில் கொடுக்காமல், முறைப்படி, நீலப் பென்சில் கோட்டுக்காக, கேள்வி யாரைப் பற்றியதோ அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன். மனதுக்குள் ஒரு கணக்கு: சபையில் அவமானப்படுவதைவிடச் சத்தமில்லாமல் தெரேஸை அனுப்பிவிடுவார், எல்லோருக்கும் நல்லது. எல்லோருக்கும் நல்லது என்று நினைக்கிறவளைப் போல ஒரு முட்டாள் அரசியலில் கிடையாது.

அவர் படித்தார். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. இழுப்பறையிலிருந்து நீலப் பென்சிலை எடுத்துக் கோடு போட்டார்.

"ரொம்ப நல்ல கேள்வி, தங்கச்சி. இன்னிக்கு ஆபீஸ்ல கூட்டமா இருக்கும். நாளைக்குச் சபை கூடுதில்ல, அப்பக் குடுத்துக்கலாம். தேதியும் நாளைக்கின்னே போட்டுடு."

போட்டேன். அவர் சொல்லச் சொல்ல, அவர் மேஜையிலேயே, மறுநாள் தேதியைப் போட்டேன். அவருடைய மரியாதையை மெச்சிக்கொண்டே படி இறங்கினேன்.

மறுநாள் காலை சபையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். இடைவேளையில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய காகிதம் கையில் இருந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தேன். அவனுக்கு லேசாக உடம்பு சுட்டது, அதனால் மனம் பாதி அங்கே இருந்தது. தலைவர் நாற்காலியில் இருந்தவர் எழுந்து ஒரு கடிதத்தைப் படித்தார். குடும்பப் பொறுப்புகள் காரணமாக உறுப்பினர் ஒருவர் நேற்றே பதவி விலகிவிட்டார் என்று சொல்லி, என் பெயரைச் சொன்னார். குழந்தை வளர்ப்பு எனும் உயர்ந்த கடமைக்காகப் பொது வாழ்விலிருந்து விடைபெறும் சகோதரியைச் சபை வாழ்த்துகிறது என்றார்.

மேஜையைத் தட்டினார்கள். இரண்டு பக்கமும் தட்டினார்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத்தான் தட்டுகிறார்கள். கடிதத்தைக் கையில் பிடித்திருந்தவருக்கு இந்தச் சூழ்ச்சி தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கையெழுத்து என்னுடையது, ஊர்ப் பெயர் என் எழுத்து. தேதி மட்டும் வேறு மை. அதை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? மூத்த உறுப்பினர் மட்டும் தட்டவில்லை. என் பக்கம் சாய்ந்து, "தேதி போட்டுட்டாருடி யம்மா" என்றார். அந்த முறை அவர் சிரிக்கவில்லை.

கேள்வி என் கையில் இருந்தது, ராஜினாமாவுக்கு மறுநாள் தேதியோடு. ஒரு வரி. எழுந்து நின்று படித்திருந்தால் முடிப்பதற்குள் யாரும் என்னைத் தடுத்திருக்க முடியாது. உறுப்பினர் இல்லாதவள் கேட்டது சபைக் குறிப்பில் ஏறாது, சரி. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் ஏறியிருக்கும். அன்று சாயங்காலம் ஊர் முழுக்க ஏறியிருக்கும்.

நான் எழுந்தேன். கைகூப்பினேன். தட்டியவர்களுக்கு நன்றி சொல்வதுபோல இரண்டு பக்கமும் திரும்பிக் கைகூப்பினேன். காகிதம் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இருந்தது. பிறகு, வழியில் யார் காலும் படாமல் கவனமாக நடந்து வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு நடந்த உபசாரத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் மாமியார் வழி உறவினர் ஒருவர் பக்கத்துச் சாரம் கிராமத்திலிருந்து சைக்கிளில் பழம் வாங்கிக்கொண்டு வந்து, நல்ல முடிவு என்று வாழ்த்திவிட்டுப் போனார். மடத்துப் பள்ளியில் எனக்குப் பாடம் சொன்ன சிஸ்டர் ஆள் அனுப்பி ஆசீர்வாதம் சொன்னார். என் கணவர் வெளியே சொல்லவில்லை, ஆனால் இரவில் நன்றாகத் தூங்கினார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. அதுதான் என்னை மிகவும் குழப்பியது. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ, உள்ளுக்குள் நானும் இதைத்தான் விரும்பினேனோ என்று நினைத்தேன். என்னிடமிருந்து பிடுங்கியதை நானே கொடுத்ததாக என்னையே நினைக்கவைத்தார்கள் பாருங்கள், அந்த வேலைத்திறனுக்குத் தனியாக மேஜை தட்டலாம்.

எட்டாம் நாள் மார்க்கெட்டுக்குப் போனேன். செல்லி வயிற்றைத் தள்ளிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

"இனிமே நான் மெம்பர் இல்ல, செல்லி."

"கேட்டேன். புள்ளய வளக்கப் போறியாமே? ஏன், இவ்ளோ நாளும் அத யாரு வளத்தாங்க? நாயா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். கடிதம், தேதி, கேள்வி எல்லாவற்றையும். அவள் மீனை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"சரி, அந்தக் கேள்விய நீ கேட்டியா, இல்லியா?"

"எழுதி வச்சிருந்தேன்."

"எழுதனது கெடக்கட்டும். வாயால கேட்டியா?"

"இல்ல."

வெட்டுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்த ஆளு வூடு எங்க இருக்குது? அத மட்டும் சொல்லு" என்றாள்.

மறுநாள் காலை ஏழு பெண்கள் குப்பத்திலிருந்து பாலம் ஏறி நடந்து வந்தார்கள். செல்லி முன்னால், தலையில் கூடையோடு. மார்க்கெட் பக்கம் அவர்களோடு நான் சேர்ந்துகொண்டேன், பிள்ளை இடுப்பில். என் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுக்க மாட்டார், கேள்வி கேட்பார். அன்று என்னால் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்திருக்காது.

காரியதரிசியின் வீடு ஊர் நடுவே ஓடும் வாய்க்காலுக்கு மேற்கே, மாடியும் இரும்புக் கதவுமாக இருந்தது. கூடைகளை வாசலில் இறக்கினார்கள். வேலைக்காரப் பெண் வந்து, "மீன் வேணாம், போங்க" என்றாள்.

"யாருடி மீன் விக்க வந்தது? எங்க சாமான் ஒண்ணு உங்க வூட்ல மாட்டிக்கினு கெடக்குது. எடுத்துக்கினு போக வந்தோம்" என்றாள் செல்லி.

சத்தம் கேட்டுத் தெருவில் கதவுகள் திறந்தன. காரியதரிசி மாடி முகப்பில் வந்து நின்றார். கையில் மோர் டம்ளர்.

"இன்னா தங்கச்சி, ராஜினாமா பண்ணிட்டு ஊர்வலமா? புள்ளய வெயில்ல வச்சுக்கினு நிக்கறியே. உள்ள வா, பேசிக்கலாம்."

முந்தானையைப் பிள்ளையின் தலைக்கு மேல் இழுத்துவிட்டேன். பிள்ளையை வெயிலில் நிறுத்தியிருக்கிறேனே என்று ஒரு கணம் உண்மையாகவே குற்ற உணர்ச்சி வந்தது. பிறகு அந்த வரியைச் சொன்னேன். இரண்டு நாள் எழுதிய அதே வரி, ஒரு சொல் மாறாமல்.

"ஆற்றுக்குத் தெற்கே உள்ள குப்பத்துக்கென நியமிக்கப்பட்ட மருத்துவச்சி தற்போது எங்கே தங்கிப் பணிபுரிகிறார்?"

கடைசிச் சொல் வரும்போது கத்திக்கொண்டிருந்தேன். என் மகன் பயந்துபோய் அழுதான். எதிர்வீட்டுக்காரர்கள் காரியதரிசியை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"குப்பத்துலதாம்மா இருக்காங்க. பட்டியல்லயே இருக்குதே" என்றார் அவர்.

அவருக்குப் பின்னால் தெரேஸ் நின்றிருந்தாள், தோளில் அந்த வீட்டுக் குழந்தையோடு.

"தோ நிக்குது பாரு!" என்றாள் செல்லி. ஏழு பேரும் கை நீட்டினார்கள்.

தெரேஸ் உள்ளே போய்விட்டாள். ஒளிந்துகொண்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே கதவு திறந்தது. குழந்தை இல்லை, கையில் தோல் பை இருந்தது.

"தெரேஸ், உன்ன யாரு போவச் சொன்னது?" முதல் முறையாக அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

"யாரும் சொல்லலிங்க. என் ஆர்டர்ல குப்பம்னு போட்டிருக்குது" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். செல்லி அந்தப் பையை வாங்கித் தன் கூடையில் மீனுக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

தெரேஸ் குப்பத்துக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் செல்லிக்கு வலி கண்டது. கிழவிகள் சொன்னது சரிதான், பிள்ளை குறுக்கே கிடந்தது. தெரேஸ் காலையில் உள்ளே போனவள் மத்தியானம்தான் வெளியே வந்தாள். முழங்கை வரை கழுவிக்கொண்டு, "ரெண்டு உசுரும் இருக்குது, மதாம். வண்டில ஏத்தியிருந்தா ஒண்ணும் இருந்திருக்காது" என்றாள். பெண் குழந்தை.

பிற்பாடு ஒரு பொதுக்கூட்டத்தில் காரியதரிசி, தன் வீட்டில் சௌகரியமாக இருந்த மருத்துவச்சியை ஏழைகளுக்காக அனுப்பி வைத்ததாகப் பேசினார். தட்டியிருப்பார்கள். நான் போகவில்லை.

பதவியை விட்டதில் வருத்தம் உண்டா என்று கேட்கிறார்கள். நான் விடவில்லை என்று இனி ஒவ்வொருவரிடமும் சொல்லப் போகிறேன், பந்தியில் கேட்டால் பந்தியிலேயே. எனக்கு வருத்தம் அதில் இல்லை. நாற்காலி என் கீழே இருந்தபோது, காகிதம் என் கையில் இருந்தபோது, ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய ஒரு வரியைச் சொல்லாமல் கைகூப்பினேன். நான் விடாத அந்த ஒரு மூச்சுக்காக, நிறைமாதக்காரி ஒருத்தி தலையில் மீன் கூடையோடு ஆற்றுப் பாலம் ஏறி ஊருக்குள் நடந்து வர வேண்டியிருந்தது.